சுவர் குரைத்த மதியம்

இதில் வரும் ஒவ்வொரு வார்த்தையும் சத்தியம். நெஞ்சில் கை வைத்துச் சத்தியம் செய்வது எல்லோருக்கும் சுலபம் என்பதால், கொதிக்கிற கெட்டில் மீது கை வைத்துச் சொன்னதாகவே எடுத்துக்கொள்ளலாம். கண், காது, மூக்கு எதுவும் ஒட்டவைக்கவில்லை. நம்ப முடியாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம். போகும்போது கதவை மட்டும் மெதுவாகச் சாத்தவும். கதவைச் சத்தமில்லாமல் சாத்துவதிலேயே பிழைப்பு நடத்திய ஒரு மனிதரின் கதை இது.

அவருக்குப் பெயர் என்று ஒன்று இருந்தது. அதை மின்கட்டண ரசீதைத் தவிர வேறு யாரும் பயன்படுத்தவில்லை. ஊருக்கு அவர் கப்சிப். சத்தத்தை அடைப்பது அவர் தொழில். அறைக்குள் மரச்சட்டம் அடித்து, சட்டங்களுக்கு நடுவே பாறைப்பஞ்சைத் திணித்து, அதன்மேல் துணி போர்த்திய பலகைகளைப் பொருத்தி, கதவு விளிம்பு முழுக்க ரப்பர் பட்டை ஒட்டி முடித்தாரென்றால், உள்ளே யானை பிளிறினாலும் வெளியே எறும்புக்குத் தூக்கம் கலையாது.

ஒரு பல் டாக்டர் இருந்தார். கைராசிக்காரர்தான். ஆனால் உள்ளே ஒருவர் கத்தினால் வெளியே காத்திருக்கிற பத்துப் பேரும் செருப்பைக்கூட விட்டுவிட்டு ஓடிவிடுவார்கள். கப்சிப் அந்த அறையை அடைத்துக் கொடுத்த மறுநாளிலிருந்து கூட்டம் தாங்கவில்லை. பத்து வருஷம் கழித்துப் பஞ்சு மாற்ற வேண்டும் என்று ஒரு பலகையைக் கழற்றினார். உள்ளேயிருந்து "ஐயோ அம்மா!" என்று ஓர் அலறல் புறப்பட்டு வந்தது. வெளியே உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் திடுக்கிட்டு எழுந்து, "அட, இது என் கடவாய்ப்பல்லுல்ல!" என்றார். அவர் பல்செட் கட்டி அப்போது ஆறு வருஷம் ஆகியிருந்தது.

அன்றைக்குத்தான் கப்சிப்புக்குத் தொழிலின் சூட்சுமம் புரிந்தது. பஞ்சு சத்தத்தைக் கொல்வதில்லை. குடித்து வைத்துக்கொள்கிறது. அதற்குப் பிறகு பழைய பலகையைக் கழற்றுவதென்றால் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு மூலையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கழற்றுவார்.

அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. எந்தச் சத்தத்தை அடைக்கிறோம் என்று கேட்கவே மாட்டார். "என்ன சத்தம், யாரு சத்தம்னு கேக்கறது போலீஸ் வேல. அடைக்கறது நம்ம வேல" என்பார்.

சொந்த வீட்டையும் அப்படித்தான் கட்டி வைத்திருந்தார். ஹாலில் ஆரம்பித்த சண்டையைச் சமையலறையில் தொடர முடியாது. மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டும். அவர் மனைவி பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். நாளெல்லாம் நாற்பது பிள்ளைகளின் கூச்சலில் வண்டி ஓட்டிவிட்டு வருகிறவருக்கு அமைதி பிடிக்கும் என்று யாரும் நினைப்பார்கள். மகள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனதிலிருந்து அந்த அம்மாவுக்கு அந்த அமைதி தொண்டையில் முள்ளாகக் குத்தியது.

"இது வீடா? மாத்திர டப்பா மாதிரி இருக்கு" என்றார் ஒருநாள். "ஒரு நாய் வேணும். குரைக்கணும். வாசல்ல, ராத்திரி பகல் பாக்காம, உங்க பஞ்செல்லாம் கிழியற மாதிரி குரைக்கணும்."

"நாயா? நானிருக்கேனே."

"நீங்க என்னிக்குக் குரைச்சிருக்கீங்க?"

சனிக்கிழமை அந்த அம்மாவே போய் ஒரு குட்டி வாங்கிவந்துவிட்டார். 'வீட்டில் பாசமாக வளர்ந்த குட்டிகள், தாயை நேரில் பார்க்கலாம்' என்று போனில் விளம்பரம் வந்ததாம். விற்கிறவர் குட்டிகளை 'பேபி, பேபி' என்றே சொல்வாராம். அதனால் அவருக்கே பேபி சார் என்று பெயராம். சோபா போட்ட ஹாலில், ரோஸ் கலர் ரிப்பன் கட்டிக்கொண்டு, ராணி மாதிரி தாய் உட்கார்ந்திருந்ததாம். குட்டி பார்க்க உருட்டி வைத்த வெள்ளைப் பஞ்சு போலவே இருந்தது. கப்சிப்புக்குத் தொழில் ரீதியாகவே பிடித்துப்போனது. அந்த அம்மா அதற்கு லொள்ளு என்று பெயர் வைத்தார்.

லொள்ளு குரைக்கவில்லை. சாப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை நடுங்கியது. திங்கட்கிழமை காலையில் பிழியாமல் போட்ட காலுறை மாதிரிக் கிடந்தது. அந்த அம்மா காலை வேன் நடையில் பிள்ளைகளை இறக்கிவிட்ட கையோடு, கணவரையும் குட்டியையும் அதே வேனில் ஏற்றிக்கொண்டு கால்நடை டாக்டரிடம் ஓட்டினார். டாக்டரும் ஒரு பெண்தான். ஆஸ்பத்திரிக்குப் பின்னாலேயே அனாதை நாய்களுக்கு ஒரு காப்பகம் நடத்திவந்தார்.

"எத்தன வாரக் குட்டின்னு சொன்னாங்க?"

"எட்டு வாரம் டாக்டர். பேப்பர்லயே எழுதிக் குடுத்திருக்காங்க."

"பேப்பருக்கு எட்டு வாரம் ஆயிருக்கும். இதுக்கு மூணரைகூட ஆகல." டாக்டர் விரலால் குட்டியின் உதட்டை விலக்கிக் காட்டினார். "பல்லு இப்பதான் எட்டிப் பாக்குது, பாருங்க. அம்மா மடியில கெடக்க வேண்டியது. ஊசி போட்டிருக்கேன். புட்டிப்பாலு வாயில வெச்சா துப்புது. அம்மா கெடச்சா பொழைக்கும். இல்லேன்னா நாளைக்குக் காலைல வரைக்கும் தாங்காது."

டாக்டர் கையைக் கழுவிக்கொண்டே கேட்டார்: "ஏம்மா, பின்னாடி அறுபத்து மூணு நாய் கேட்டையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கு. அதுல ஒண்ணுகூடவா உங்க கண்ணுக்குப் படல?"

"குட்டியா, வெள்ளையா இருக்கணும்னு ஆசப்பட்டுட்டேன் டாக்டர்."

"எல்லாரும் அதத்தான் சொல்றாங்க. அந்த ஆசையிலதான் அவங்க ஃபாக்டரி ஓடுது."

"ஃபாக்டரியா?" என்றார் கப்சிப். "நாய் பண்றதுக்கு ஃபாக்டரியா?"

"ஆமா சார். தாய்ங்கள கூண்டுல போட்டுருவாங்க. ஒரு ஈத்து முடிஞ்சா அடுத்த ஈத்து. தரையில காலு வெக்காமலே செத்துப்போற தாயெல்லாம் இருக்கு."

கப்சிப் தலையை ஆட்டிவைத்தார். டாக்டர்கள் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள், அப்போதுதான் மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுவோம் என்று அவருக்கு ஓர் எண்ணம்.

பதினொன்றரை மணிக்கு வேன் பேபி சார் வீட்டு வாசலில் நின்றது. சோபா இருந்தது. பூஜாடி இருந்தது. ஷாம்பூ வாசனை ஆளைத் தூக்கியது. ரிப்பன் கட்டிய தாயும் அதே இடத்தில் இருந்தது. மழமழவென்று சவரம் செய்த முகத்தோடு பேபி சார் கைகளைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"பேபிக்கு என்னம்மா ஆச்சு? அச்சச்சோ!"

"அம்மாகிட்ட விடணும் சார். டாக்டர் சொல்லிட்டாங்க."

லொள்ளுவைத் தாயின் வயிற்றோரம் வைத்தார்கள். தாய் ஒருமுறை மோந்து பார்த்தது. வேறு யாரோ வீட்டுக்கு வந்த கடிதத்தைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. பிறகு சோபாவிலிருந்து இறங்கி, பூஜாடிக்குப் பக்கத்தில் போய், பின்னங்காலைத் தூக்கியது.

அந்த அம்மா கணவரின் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"ஏங்க."

"ம்."

"அம்மா கால தூக்குது."

கப்சிப் குனிந்து, தலையைச் சாய்த்து, நிதானமாகப் பார்த்தார். "மீசைதான் இல்ல" என்றார்.

"சில பொம்பள நாய்ங்களும் அப்பிடித்தாம்மா" என்றார் பேபி சார். "இது கொஞ்சம் மாடர்ன்."

"யோவ்! நிஜ அம்மா எங்கய்யா?"

"அது... ஊருக்குப் போயிருக்கு."

"நாய் எந்த ஊருக்குய்யா போகும்? மாமியார் வீட்டுக்கா?" என்று கத்தி, அந்த அம்மா பக்கத்துச் சுவரில் ஓங்கி ஓர் அறை விட்டார்.

அந்த அடிக்குச் சத்தம் வரவில்லை. தலையணையில் விழுந்த மாதிரி 'பொத்' என்று செத்துப்போனது. கப்சிப் சுவருக்குப் பக்கத்தில் போனார். இரண்டு கைகளையும் சேர்த்து ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். போன சத்தம் திரும்பி வரவில்லை. உலகத்தில் ஒரே ஒருவர் செய்கிற சுவர்தான் அப்படிக் குடிக்கும். தன் கையெழுத்தைத் தானே அடையாளம் காண்கிறவர் போல அவர் சுவரைப் பார்த்தார், பிறகு பேபி சாரைப் பார்த்தார், மனதுக்குள் அந்த முகத்தில் ஒரு தாடியை ஒட்டிப் பார்த்தார்.

"நீங்க டிரம்ஸ் வாத்தியார்ல்ல?"

மூன்று வருஷத்துக்கு முன்னால் தாடியோடு ஒருவர் வந்தார். வாடகை வீட்டின் பின்கட்டில் டிரம்ஸ் வகுப்பு ஆரம்பிக்கப் போவதாகவும், அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவு கூடாது என்றும், பின்கட்டுக்குப் போகும் கதவுகூடச் சுவரோடு சுவராக இருக்க வேண்டும் என்றும் சொன்னார். அப்போது இது பெயின்ட்கூட அடிக்காத காலி வீடு, அதனால்தான் வாசலில் நின்றபோது கப்சிப்புக்கு அடையாளம் தெரியவில்லை. டிரம்ஸ் எங்கே என்று கப்சிப் கேட்கவில்லை. கதவை ஏன் ஒளிக்க வேண்டும் என்றும் கேட்கவில்லை. கொள்கை.

அவர் நான்காம் பலகைக்குப் போய், இடது கீழ் மூலையில் முழங்காலால் ஒரு தட்டுத் தட்டினார். அவர் வைத்த கதவு அவர் பேச்சைத்தான் கேட்டது. உதடு பிரிவது போல 'ப்ப்' என்று திறந்தது.

முதலில் வந்தது நாற்றம். வந்து, கையைப் பிடித்து உள்ளே இழுத்தது. கண்ணில் நீர் கொட்டியது. ஷாம்பூ வாசனை அவ்வளவு தூரம் எதற்கு என்று அப்போது விளங்கியது. ஜன்னல் இல்லாத நீள அறை. ஒரே ஒரு குழல்விளக்கு. இரண்டு சுவர்களிலும் அடுக்கடுக்காகக் கம்பிக் கூண்டுகள். கூண்டுக்கு அடித்தட்டும் கம்பிதான், கழிவு கீழே விழுவதற்குத் தோதாக. ஒரு மூலையில் அட்டைப் பெட்டிகளுக்குள் குட்டிகள் முனகிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு கூண்டிலும் ஒரு தாய். வெள்ளையாக இருந்திருக்க வேண்டிய ரோமம் மஞ்சளாகி, சடையாகி, பாய் முடைந்தது போல உடம்போடு ஒட்டியிருந்தது. மடி தொங்கிக் கம்பியில் உரசிப் புண்ணாகியிருந்தது. நகங்கள் வளர்ந்து, வளைந்து, பாதத்துக்குள்ளேயே திரும்பிப் போயிருந்தன. கழுத்தில் எண் எழுதிய பிளாஸ்டிக் துண்டு. கப்சிப் எண்ணினார். இருபத்தாறு.

டாக்டர் கூட்டிச் சொல்லவில்லை. கம்மியாகச் சொல்லியிருந்தார்.

அவரைக் கண்டதும் இருபத்தாறு தாய்களும் எழுந்து கம்பியில் கால் வைத்து நின்று குரைத்தன. வாய் திறந்தது, மூடியது, கழுத்து நரம்பு புடைத்தது, உடம்பு குலுங்கியது. சத்தம் மட்டும் வரவில்லை. ஒரு பொட்டுச் சத்தம் இல்லை.

அந்த இடத்தில் கப்சிப் ஒரு காரியம் செய்தார். அதைப் பிற்பாடு மனைவியைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை. சந்தோஷப்பட்டார். ஒரு மூச்சு விடுகிற நேரம்தான். 'வாய்க்கும் காதுக்கும் நடுவிலேயே குடிச்சிருதே, எப்பேர்ப்பட்ட பஞ்சு! இந்த மாதிரி வேலய எவன் செஞ்சிருக்கான்!' என்று நெஞ்சு நிமிர்ந்தது. நிமிர்ந்த நெஞ்சின் மேல் அடுத்த மூச்சிலேயே யாரோ ஏறி உட்கார்ந்தார்கள். மூன்று வருஷம். இருபத்தாறு வாய். ஒரு குரல் தெருவுக்குப் போயிருந்தால் யாராவது ஒருத்தர் வந்து கதவைத் தட்டியிருப்பார்கள். தட்ட விடாமல் அடைத்தது அவர் கை. ஐந்து வருஷ உத்தரவாதம் வேறு கொடுத்திருந்தார்.

"யோவ், வெளிய வாய்யா! இது என் எடம்!" என்று பேபி சார் வாசலில் நின்று கத்தினார்.

"ஐயோ, இதுல எதுங்க அம்மா?" என்று அவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்த மனைவி கேட்டார்.

"எல்லாமே அம்மாதான்" என்றார் கப்சிப்.

"இதோட அம்மா! இந்தாளக் கேளுங்க!"

"எனக்கு எப்பிடிம்மா தெரியும்? நம்பர் எழுதின நோட்டு தண்ணி பட்டு அழிஞ்சுபோச்சு" என்றார் பேபி சார். "சத்தம் போடாதீங்கம்மா. குட்டிங்க முனகற சத்தமே அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவுன்னு அடைச்சு வெச்சிருக்கேன்."

அந்த அம்மா லொள்ளுவை உள்ளங்கையில் ஏந்தி, கூண்டு கூண்டாகக் காட்டினார். அதுதான் பார்க்கச் சகிக்கவில்லை. காட்டிய ஒவ்வொரு தாயும் தன் குட்டிதான் என்று கம்பியில் மூக்கை நசுக்கிக்கொண்டு வந்தது. ஒவ்வொன்றும் வாயைத் திறந்து கூப்பிட்டது. லொள்ளு கண்ணைத் திறக்கவில்லை. அதன் வயிறு ஏறுவதற்கும் இறங்குவதற்கும் நடுவே இடைவெளி நீண்டுகொண்டே போனது.

"எப்பிடிக் கண்ணத் தெறக்கும்?" என்றார் கப்சிப். "அம்மா கூப்பிடறது அதுக்குக் கேக்கணுமே. எல்லாத்தையும் என் சுவரு குடிச்சுருது."

சட்டைப் பையிலிருந்து பலகை வெட்டும் கத்தியை எடுத்தார். ஜன்னலைத் திறப்பது, மூலையிலிருந்து மெதுவாக ஆரம்பிப்பது என்ற முறையெல்லாம் மறந்துபோனது. சுவரின் இந்தக் கோடியில் கத்தியைச் செருகி, அந்தக் கோடி வரைக்கும் ஒரே இழுப்பாக இழுத்துவிட்டார்.

சுவருக்குக் காது உண்டு என்று பெரியவர்கள் சொல்லிவைத்தார்கள். வாயைப் பற்றி யாரும் எச்சரிக்கவில்லை.

மூன்று வருஷக் குரைப்பு ஒரே நேரத்தில் வெளியே வந்தது. பேபி சார் அந்த வேகத்தில் சோபா வரைக்கும் போய் விழுந்தார். பூஜாடி தானாக உடைந்தது. முன்வாசல் கதவு கீலோடு கழன்று எதிர்வீட்டு வாசலில் போய் ஒழுங்காகச் சாய்ந்து நின்றது. தெருவில் போன பேருந்து நின்றது. நாற்சந்தியில் நான்கு பக்கச் சிக்னலும் பயந்து சிவப்புக்கு மாறின. ஒரு தபால்காரர் மரத்தில் ஏறிவிட்டார். அந்தத் தெருவில் மரமே கிடையாது, எங்கிருந்து தேடிப் பிடித்தார் என்று இன்றுவரை தெரியவில்லை. பசிக் குரைப்பு வந்தது. பிரசவ வலி வந்தது. ஒவ்வொரு முறையும் குட்டிகளைப் பெட்டியில் அள்ளிக்கொண்டு போகும்போது பின்னாலேயே போட்ட ஓலம் வந்தது. அது வந்தபோது பேருந்தில் இருந்தவர்கள் ஏனென்று தெரியாமல் அழுதார்கள்.

அந்த அமளிக்குள், ஒன்பதாம் பலகையிலிருந்து மட்டும் ஒரு தணிந்த குரல் வந்தது. அது குரைப்பு இல்லை. 'ம்ம்... ம்ம்...' என்று நெஞ்சுக்குள்ளிருந்து வருகிற முனகல். தூங்கப்போகும் குட்டியிடம் தாய் பேசுகிற பேச்சு.

லொள்ளுவின் வலது காது நிமிர்ந்தது.

கப்சிப் ஒன்பதாம் பலகைக்குக் கீழே இருந்த கூண்டின் தாழ்ப்பாளைக் கத்தியால் நெம்பினார். உள்ளே பதினேழாம் எண். அதற்கு வெளியே வரத் தெரியவில்லை. திறந்த கதவைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றது. அந்த அம்மா சம்மணம் போட்டுத் தரையில் உட்கார்ந்து, குட்டியை மடியில் வைத்துக்கொண்டு, "வாடி, வா என் ராசாத்தி, உன் புள்ளதான்" என்றார். பதினேழு ஒரு காலைத் தரையில் வைத்தது. சுட்டுவிட்டது போல எடுத்தது. தரை என்பது நகராத, குத்தாத ஒரு வஸ்து என்று அதற்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பிறகு தண்ணீருக்குள் நடப்பது போல நாலு எட்டு வைத்து வந்து, மடியில் சாய்ந்து, குட்டியை நக்கி, வயிற்றைக் கொடுத்தது.

சப், சப், சப் என்று ஒரு சத்தம் கேட்டது. அடைக்கத் தோன்றாத சத்தம் ஒன்றைக் கப்சிப் வாழ்க்கையில் முதல்முறையாகக் கேட்டார்.

தெரு மொத்தமும் வாசலுக்கு வந்துவிட்டது. "சுவரு ஒட்டின வீட்ல மூணு வருஷமா இருக்கேன், ஒரு சத்தம் கேட்டதில்லையே!" என்று பக்கத்து வீட்டம்மா மாரில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"அது என் வேலம்மா" என்றார் கப்சிப், தலையைக் குனிந்துகொண்டு.

சத்தம் போட்டவரைக் கைது செய்ய வந்த போலீஸ்காரர், உள்ளே போய்ப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்தார். பேபி சாரை ஜீப்பில் ஏற்றினார். நாய்களை ஏற்ற வண்டி இல்லை. பள்ளிக்கூடம் விடும் நேரமும் ஆகிவிட்டது. ஆகையால் நாற்பது பிள்ளைகளும் இருபத்தாறு தாய்களும் அவற்றின் குட்டிகளும் ரிப்பன்காரனும் ஒரே வேனில் காப்பகத்துக்குப் போனார்கள். எத்தனையோ வருஷமாக அந்த வேனை ஓட்டுகிற அம்மாவுக்குப் பின்னாலிருந்து ஒரு கீச்சுச் சத்தம்கூட வராத ஒரே நடை அதுதான். பிள்ளைகள் மடியில் கிடந்ததைப் பார்த்துக்கொண்டு, மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

அடுத்த பதினைந்து நாளில் காப்பகத்தின் கேட்டுக்கு வெளியே வரிசை நின்றது. அந்தத் தெருக்காரர்கள்தான் முதலில். பக்கத்து வீட்டம்மா ஒரு கண் தெரியாத தாயைத் தேடி எடுத்துக்கொண்டு போனார். ரிப்பன்காரனைப் பல் டாக்டர் கொண்டுபோனார். கால்நடை டாக்டரம்மா வருகிறவர்களிடமெல்லாம், "இந்த வெள்ள நாய்ங்க மட்டுமா? அங்க கருப்பா ஒருத்தன் மூணு காலோட அஞ்சு வருஷமா உக்காந்திருக்கானே, அவன யாரு பாப்பா?" என்று கேட்டுக் கேட்டு, அறுபத்து மூன்றையும் சேர்த்தே அனுப்பிவைத்தார். லொள்ளு பிழைத்துக்கொண்டது. பதினேழும் லொள்ளுவும் ஒரே பாயில் படுத்துக்கொண்டன. "இனிமே இந்த வீட்டுக்கு உயிரக் காசு குடுத்து வாங்கறதுன்னு ஒண்ணு கெடையாது" என்று அந்த அம்மா ஹாலில் சொன்னார். சமையலறைக்கும் கேட்டது. கப்சிப் வீட்டுப் பஞ்சையெல்லாம் பிடுங்கி எறிந்திருந்தார். வேலைக்குக் கூப்பிடுகிறவர்களிடம் இப்போதெல்லாம் முதல் கேள்வியே, "என்ன சத்தம்? யாரோடது? நான் ஒருவாட்டி கேட்டுப் பாக்கணும்" என்பதுதான்.

நாய்கள் காப்பகத்துக்கு வந்த அன்று சாயங்காலம் டாக்டரம்மா போலீஸுக்கு எழுதிக்கொடுத்த அறிக்கையின் மூன்றாம் பக்கத்தில் இப்படி இருக்கிறது: இருபத்தாறு தாய்களுக்கும் குரல் நாண்கள் வெட்டப்பட்டிருக்கின்றன, தழும்புகள் எல்லாம் நான்கு வருடங்களுக்கு மேல் பழையவை, இவற்றில் எதற்கும் அதன் பிறகு ஒருமுறைகூடக் குரைக்கவோ முனகவோ முடிந்திருக்காது.